பழைய பிக்கப்பின் கைவைத்தியம்: எது தாங்கும், எது கவிழ்க்கும்?

முப்பது நாற்பது வருஷம் ஓடிய பிக்கப் வண்டி ஒன்றின் பானெட்டைத் திறந்தால், கம்பெனி போட்டது எது, பின்னால் வந்தவர்கள் போட்டது எது என்று பிரித்துச் சொல்வதே கஷ்டம். ரேடியேட்டர் ஹோஸில் ஒரு பக்கம் ஸ்குரூ கிளாம்ப், மறுபக்கம் முறுக்கிய கட்டுக்கம்பி. பேட்டரியை இழுத்துப் பிடித்திருப்பது சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் வார். சைலன்சர் குழாயில் ஒரு தகர டப்பா சுற்றியிருக்கும். பின்பக்கத் தொட்டியின் தரையில் தகடு போய் பிளைவுட் வந்திருக்கும். இவ்வளவுக்கும் சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்பிவிடும், சுமையும் ஏற்றும்.

இதைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். "அந்தக் காலத்து வண்டின்னா வண்டிதான்" என்று சிலிர்க்கிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு தரப்பும் எல்லா ஒட்டுவேலையையும் ஒரே கணக்கில் சேர்த்துவிடுகிறது. கட்டுக்கம்பியால் சைலன்சரைத் தொங்கவிடலாம். அதே கம்பியால் ஸ்டியரிங்கின் டை ராடையும் (ஸ்டியரிங்கின் திருப்பத்தை முன்சக்கரத்துக்குக் கொண்டுபோகிற தண்டு) கட்டலாம். அதே கம்பி, அதே முறுக்கு. முதலாவது கைவைத்தியம், இரண்டாவது தற்கொலை. சைலன்சர் கம்பி அறுந்தால் குழாய் தரையில் உரசிச் சத்தம் போடும், ஓரம் கட்டி இறங்கிப் பார்ப்பீர்கள். டை ராட் கம்பி அறுந்தால் முன்சக்கரம் தன்னிஷ்டத்துக்குத் திரும்பிவிடும், அப்புறம் ஓரம் கட்ட ஸ்டியரிங்கே இருக்காது. ஆக, ஒரு ஒட்டுவேலையைப் பார்த்ததும் "இது எவ்வளவு நாள் தாங்கும்?" என்று கேட்பதைவிட, "இது விட்டுப்போகும்போது எப்படி விட்டுப்போகும்?" என்று கேட்பதுதான் பிரயோஜனம். முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போகிற ரிப்பேர் பரவாயில்லை. சொல்லாமல் போகிற ரிப்பேர் ஆளைக் கொல்லும்.

பெட்டி கட்டிப் பிறந்த வண்டி

பிக்கப் என்ற வண்டி வகையே ஒட்டுவேலையில் பிறந்ததுதான். ஃபோர்டு மாடல் டி கார் வைத்திருந்த அமெரிக்க விவசாயிகளும் வியாபாரிகளும் பின்பக்கத்து பாடியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மரப்பெட்டி ஏற்றிக்கொண்டார்கள். ஊரெல்லாம் இதைச் செய்த பிறகு, 1925-இல் ஃபோர்டு கம்பெனியே பெட்டி பொருத்திய மாடல் டி-யைத் தொழிற்சாலையிலிருந்து விற்க ஆரம்பித்தது. அந்த வண்டியில் பெட்ரோல் பம்ப் கிடையாது. சீட்டுக்கு அடியில் இருக்கும் டேங்கிலிருந்து பெட்ரோல் தன் எடையில் இறங்கி கார்புரேட்டருக்குப் போகும். டேங்கில் பெட்ரோல் குறைவாக இருக்கும்போது செங்குத்தான மேடு வந்தால் எஞ்சினுக்கு பெட்ரோல் எட்டாது. அதனால் வண்டியைத் திருப்பி, ரிவர்ஸ் கியரில் ஏறுவார்கள். வண்டியின் குறையை ஓட்டுகிறவர் தன் மூளையால் ஈடுகட்டுவது அன்றைக்கே தொடங்கிவிட்டது.

பிறகு 1948-இல் ஃபோர்டின் எஃப் வரிசை, 1968-இல் டொயோட்டா ஹைலக்ஸ் என்று எத்தனையோ வந்தன. அமைப்பு மட்டும் பெரிதாக மாறவில்லை. ஏணி மாதிரி ஒரு சேசிஸ். அதன்மேல் போல்ட் போட்டு உட்காரவைத்த கேபின், தனியாக இன்னொரு பெட்டி. பின்னால் ஒற்றை அச்சு, இரண்டு பக்கமும் கமான் பட்டை. எஞ்சினைச் சுற்றி ஆள் நின்று வேலை பார்க்கிற அளவுக்கு இடம். தொட்டி துருப்பிடித்துப் போனால் சில போல்ட்களைக் கழற்றித் தூக்கி வைத்துவிட்டு மரச்சட்டத்தில் தளம் போட்டுக்கொள்ளலாம், வண்டியின் பலம் குறையாது. இன்றைய காரில் பாடியே சேசிஸ். அங்கே தரைத்தகடு துருப்பிடித்தால் வண்டியின் எலும்பு துருப்பிடித்ததாக அர்த்தம்.

கைவைத்தியத்துக்கு இடம் கொடுத்த இன்னொரு காரணம் கண்ணுக்குத் தெரியாது: அழுத்தம். கார்புரேட்டர் வண்டியின் பெட்ரோல் குழாயில் இருப்பது பெரும்பாலும் 4 முதல் 7 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்கிற அழுத்தக் கணக்கு). சாதாரண டயரில் அடிக்கிற காற்றில் கால்வாசிகூட இல்லை. அந்தக் குழாயில் சின்ன வெடிப்பு வந்தால் பெட்ரோல் கசியும், சொட்டும், நாறும். ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வந்தபின் அதே குழாயில் 40 முதல் 60 பிஎஸ்ஐ. அங்கே அதே வெடிப்பு வந்தால் பெட்ரோல் சொட்டாது. சூடான எக்ஸாஸ்ட்மேல் பீய்ச்சி அடிக்கும். பழைய வண்டியில் நாலு மாதம் தாங்கிய ரப்பர் துண்டும் கிளாம்பும் புது வண்டியில் தீப்பிடிக்க வைப்பது இதனால்தான். பழைய மெக்கானிக்குக் கை சுத்தம், புது மெக்கானிக்குக் கை வராது என்று பேசுவதில் அர்த்தமில்லை. பழைய வண்டி தப்பை மன்னிக்கிற அழுத்தத்தில் ஓடியது.

ஹோஸ் வெடித்தால்

கைவைத்தியம் அதிகம் நடக்கிற இடம் கூலிங் சிஸ்டம்தான், நியாயமாக நடக்க வேண்டிய இடமும் அதுதான். ரேடியேட்டர் ஹோஸ் கிழிந்து வண்டி நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதல் வேலை ஒன்றும் செய்யாமல் இருப்பது. எஞ்சின் ஆறுகிறவரை மூடியைத் தொடக்கூடாது. உள்ளே இருக்கும் தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் போயும் கொதிக்காமல் இருக்கிறதென்றால், மூடி கொடுக்கிற அழுத்தத்தால்தான். திறந்த நொடியில் அழுத்தம் போய்விடும், மொத்தமும் ஆவியாக முகத்தில் அடிக்கும்.

ஆறியபின் ஹோஸ் எங்கே கிழிந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் கிளாம்புக்குப் பக்கத்தில்தான் கிழியும், ஏனென்றால் அங்கேதான் ரப்பர் நசுங்கிக் கிடக்கிறது. அப்படியானால் டேப்பே தேவையில்லை. கிழிந்த முனையைக் கத்தியால் நேராக வெட்டி எறிந்துவிட்டு, மிச்சமிருக்கும் ஹோஸை இழுத்து மாட்டி மறுபடி கிளாம்பை முறுக்கினால் போதும். பழைய வண்டிகளில் ஹோஸ் கொஞ்சம் தாராளமாகவே இருக்கும், இரண்டு விரல்கடை போனாலும் எட்டும். இது ரிப்பேர் போல் தெரியவே தெரியாது, வருஷக்கணக்கில் ஓடும்.

நடுவில் கிழிந்திருந்தால் கதை வேறு. ஈரத்தைத் துடைத்துவிட்டு, தன்னோடு தானே ஒட்டிக்கொள்கிற சிலிக்கான் டேப்பை நன்றாக இழுத்து இழுத்துச் சுற்ற வேண்டும். பசை டேப் ஈரமான சூட்டு ரப்பரில் நிற்காது. டேப்புக்கு மேல் சைக்கிள் டியூப் துண்டு, அதற்கு மேல் கட்டுக்கம்பி. இத்தனை சுற்றியும், முழு அழுத்தம் வந்தால் பிய்த்துக்கொண்டுவிடும். அதனால்தான் விஷயம் தெரிந்தவர்கள் ரேடியேட்டர் மூடியை முழுக்கப் பூட்டாமல் முதல் நிலையிலேயே விட்டுவிடுவார்கள். அழுத்தம் ஏறாது, ஒட்டு தப்பிக்கும்.

இந்தத் தந்திரத்துக்கு ஒரு விலை இருக்கிறது. பலரும் அதைச் சொல்வதில்லை. 15 பிஎஸ்ஐ மூடி பூட்டியிருந்தால் வெறும் தண்ணீரே 120 டிகிரியைத் தொட்டுத்தான் கொதிக்கும். மூடி தளர்வாக இருந்தால் 100 டிகிரியில் கொதித்துவிடும். எஞ்சின் சூடானபின் ரேடியேட்டருக்குத் தண்ணீரை விடுகிற வால்வான தெர்மோஸ்டாட் திறப்பதே 82 முதல் 90 டிகிரிக்குள். அதாவது வண்டி சாதாரணமாக ஓடுகிற சூட்டுக்கும் கொதிக்கிற சூட்டுக்கும் நடுவில் பத்துப் பதினைந்து டிகிரிதான் மிச்சம். சுமையோடு மேடு ஏறினால் அந்த மிச்சம் சில நிமிஷத்தில் காலி. எனவே மூடியைத் தளர்த்தியவர் மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும், முள்ளைப் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டும், ஹீட்டரை முழு வேகத்தில் போட்டுவிட வேண்டும். ஹீட்டர் என்பது கேபினுக்குள் இருக்கிற இன்னொரு சின்ன ரேடியேட்டர். உள்ளே வெந்து போவீர்கள், ஆனால் எஞ்சின் பிழைக்கும்.

அந்த ஹீட்டரே ஒழுக ஆரம்பித்தால் இன்னும் சுலபம். கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கான பனி, காலடி மிதியடியில் ஈரம், தித்திப்பான கூலண்ட் வாடை என்று மூன்றும் சேர்ந்து வரும். எஞ்சினிலிருந்து ஹீட்டருக்குப் போகிற ஹோஸையும் திரும்பி வருகிற ஹோஸையும் கழற்றி, ஒரு குழாய்த்துண்டு வைத்து ஒன்றோடொன்று இணைத்துவிட்டால் தீர்ந்தது. குளிர்காலத்தில் நடுங்க வேண்டியிருக்கும், கண்ணாடியின் பனியைக் கையால் துடைக்க வேண்டியிருக்கும். மற்றபடி எஞ்சினுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. பல பழைய பிக்கப்கள் இப்படி ஹீட்டர் இல்லாமலேயே தங்கள் கடைசி பத்து வருஷத்தை ஓட்டிவிடுகின்றன.

ரேடியேட்டரே ஓட்டையானால், செம்பு பித்தளை ரேடியேட்டர் என்றால் வழி இருக்கிறது: ஒழுகுகிற குழாயைச் சுற்றியுள்ள மெல்லிய தகடுகளைப் பிய்த்துவிட்டு, குழாயை வெட்டி இரு முனைகளையும் கட்டிங் பிளேயரால் மடித்து நசுக்கிவிடலாம். பல குழாய்களில் ஒன்று போனால் குளிர்ச்சி கொஞ்சம்தான் குறையும். பிற்காலத்து அலுமினிய ரேடியேட்டரில், பிளாஸ்டிக் தொட்டி விரிசல் விட்டால் இந்த வித்தை எதுவும் எடுபடாது. முட்டையின் வெள்ளைக்கருவை ஊற்றுவது, மிளகுத்தூள் போடுவது போன்றவை உண்மையிலேயே வேலை செய்யும். வெள்ளைக்கரு 60 டிகிரியைத் தாண்டினால் உறைய ஆரம்பித்து, ஊசித்துளையை அடைக்கும். ஆனால் எது ஓட்டை, எது ரேடியேட்டரின் சொந்தக் குழாய் என்று முட்டைக்குத் தெரியாது. அடைத்துக்கொண்ட ரேடியேட்டரைக் கழுவுகிற பாடு, ஓட்டையை அடைக்கிற பாட்டைவிடப் பெரிது. என்னைக் கேட்டால் இந்த வழிக்கே போக வேண்டாம்.

வேலை செய்ததா, நேரம் செய்ததா?

நிறையக் கைவைத்தியங்கள் உயிரோடு இருப்பதற்குக் காரணம், அவற்றைச் செய்கிற நேரத்தில் வண்டி தானாகச் சரியாகிவிடுவது. இதற்கு நல்ல உதாரணம் துணிக்கிளிப்.

வெயிலில் ஓடிய பழைய வண்டி சூடாக நின்றால், எஞ்சினுக்குப் பக்கத்தில் போகிற குழாயில் பெட்ரோல் ஆவியாகிக் குமிழி கட்டிக்கொள்ளும். பம்ப் ஆவியைத் தள்ளப் பார்க்கும், தள்ள முடியாது. எஞ்சின் நின்றுவிடும், மறுபடி கிளம்பாது. இதற்கு அமெரிக்காவில் பல தலைமுறையாகச் செய்த வைத்தியம், பெட்ரோல் குழாய் நெடுக மரத்தாலான துணிக்கிளிப்களை வரிசையாக மாட்டிவிடுவது. கிளிப் சூட்டை இழுத்துக்கொள்ளும் என்பது நம்பிக்கை. மரம் சூட்டைக் கடத்துவதில் ரொம்ப மோசம், இழுத்து வெளியே விடுகிற பரப்பும் அதற்கு இல்லை. கிளிப்பைத் தேடிப்பிடித்து ஒவ்வொன்றாக மாட்டி முடிக்க ஆகிற நேரத்தில் எஞ்சின் ஆறிவிடும், வண்டி கிளம்பிவிடும், பேர் கிளிப்புக்குப் போய்விடும். நிஜமாக உதவுவது பம்பின்மேல் ஈரத்துணி போடுவது. அடிக்கடி வருகிறதென்றால் குழாயை எக்ஸாஸ்டிலிருந்து தள்ளி நகர்த்துவது, நடுவில் ஒரு தகடு தடுப்பு வைப்பது. ஆனாலும் கிளிப்பால் யாருக்கும் கெடுதல் இல்லை, மாட்டிக்கொண்டு போகட்டும்.

டேங்க் கசிவுக்கு சோப்புக்கட்டியைத் தேய்ப்பது இந்த ரகம் இல்லை, அது நிஜமாகவே நிற்கும். சோப்பு பெட்ரோலில் கரையாது. கசிகிற விரிசலில் அழுத்தித் தேய்த்தால் அடைத்துக்கொள்ளும். பிறகு டேங்கைக் காலி செய்து, சுரண்டிச் சுத்தம் செய்து, எபாக்சி பூசலாம். வெல்டிங் பக்கமே போகக்கூடாது. காலி டேங்க்தானே என்று நெருப்பு வைத்தவர்கள் பலர் இன்று இல்லை. காற்றில் பெட்ரோல் ஆவி சுமார் 1.4 சதவீதம் கலந்திருந்தாலே வெடிக்கும். நிறைந்த டேங்கில் காற்றுக்கு இடம் கம்மி. காலி டேங்கில்தான் ஆவியும் காற்றும் அளவாகக் கலந்து காத்திருக்கும்.

மின்சாரத்தின் கள்ளவழி

பழைய வண்டியின் ஒயரிங்கைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் அதிகம். உண்மையில் அங்கே இருப்பது 12 வோல்ட் (1950-களின் நடுப்பகுதிவரை பல வண்டிகளில் 6 வோல்ட்தான்), நாலைந்து சுவிட்ச், ஒரு ஃப்யூஸ் பெட்டி. அதில் வருகிற கோளாறுகளில் பெரும்பகுதி எர்த் கோளாறு. பேட்டரியின் ஒரு முனை சேசிஸோடு சேர்ந்திருக்கிறது. ஒவ்வொரு விளக்கும் மோட்டாரும் தன் கரண்டை பாடி, சேசிஸ் வழியாகத் திருப்பி அனுப்புகிறது. சேரும் இடங்களில் துரு ஏறினால் கரண்ட் வேறு வழி தேடும்.

இது காட்டுகிற அறிகுறிகள் விசித்திரமாக இருக்கும். இண்டிகேட்டர் போட்டால் பெட்ரோல் முள்ளும் கூடவே ஆடும். ஹெட்லைட் போட்டால் சூட்டு முள் ஏறும். இதைவிட ஒன்று உண்டு: ஆக்சிலரேட்டர் கேபிளோ சோக் கேபிளோ அடிக்கடி கருகி இறுகிப் போகும். ஓனர் கேபிளை மாற்றுவார், அதுவும் போகும், கடைசியில் கட்டுக்கம்பி கட்டி ஓட்டுவார், கம்பியும் சூடாகும். தப்பு கேபிளில் இல்லவே இல்லை. எஞ்சினையும் சேசிஸையும் இணைக்கிற எர்த் பட்டை அறுந்துபோயிருக்கிறது. எஞ்சின் ரப்பர் மவுண்ட்மேல் உட்கார்ந்திருப்பதால் வேறு உலோகத் தொடர்பு கிடையாது. செல்ஃப் அடிக்கும்போது 150, 200 ஆம்பியர் கரண்ட் திரும்பிப்போக வழியில்லாமல், எஞ்சினையும் பாடியையும் இணைக்கிற ஒரே உலோகமான அந்த மெல்லிய கேபிள் வழியாகப் பாய்கிறது. பேட்டரி கேபிள் தடிமனில் ஒரு ஒயரை எஞ்சினிலிருந்து சேசிஸுக்குப் போட்டு, இரண்டு முனையிலும் பெயிண்டைச் சுரண்டி போல்ட் போட்டால் பிரச்சினை முடிந்தது. பழைய பிக்கப்பில் செய்யக்கூடிய கைவைத்தியங்களிலேயே மிகவும் மலிவானது, மிகவும் பலன் தருவது எது என்றால் இந்த ஒரு எர்த் ஒயர்தான்.

இன்னொரு அழகான கோளாறு: சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும்வரை எஞ்சின் ஓடும், சாவியை விட்டவுடன் நின்றுவிடும். பெட்ரோலைப் பிடித்து ஆராய்வார்கள், கார்புரேட்டரைக் கழற்றுவார்கள். பாயிண்ட் (தீப்பொறிக்காகத் திறந்து மூடுகிற சின்னச் சுவிட்ச்) வைத்த பல வண்டிகளில், தீப்பொறிக்கு வோல்ட்டை ஏற்றிக் கொடுக்கிற காயிலுக்கு முன்னால் பேலஸ்ட் ரெசிஸ்டர் என்று ஒன்று இருக்கும். எஞ்சின் ஓடும்போது காயிலுக்குப் போகிற வோல்ட்டைக் குறைப்பது அதன் வேலை. செல்ஃப் அடிக்கிற நேரத்தில் மட்டும் அதைத் தாண்டி முழு வோல்ட்டும் காயிலுக்குப் போகும், வண்டி சுலபமாகக் கிளம்ப வேண்டும் என்பதற்காக. ரெசிஸ்டர் உள்ளே அறுந்துவிட்டால், செல்ஃப் அடிக்கும்போது தீப்பொறி வரும், விட்டவுடன் போய்விடும். ரெசிஸ்டரின் இரண்டு முனைகளையும் ஒரு ஒயரால் சேர்த்துவிட்டால் வண்டி ஓடும். வீடு போய்ச் சேரலாம். அப்படியே விட்டுவிட்டால் காயில் சூடேறும், பாயிண்டின் முகம் கருகிக் குழி விழும். ஒரு வாரம் கழித்து வண்டி மறுபடி நிற்கும்போது, நிற்கிற காரணம் வேறாகத் தெரியும்.

ஃப்யூஸ் இடத்தில் வெள்ளித்தாள் சுற்றுவதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஃப்யூஸ் போனால் எங்கோ ஒயர் உரசுகிறது என்று அர்த்தம். தாள் வைத்தால் ஃப்யூஸ் செய்ய வேண்டிய வேலையை டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஒயர் செய்யும், அதாவது எரிந்துபோகும்.

துருவும் வெல்டிங்கும்

ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் சேசிஸில் ஏதாவது உடைந்தால், பேட்டரியை வைத்தே வெல்டிங் செய்கிற வித்தை ஒன்று உண்டு. 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டையோ மூன்றையோ வரிசையாக இணைத்தால் 24 அல்லது 36 வோல்ட். வரிசையின் ஒரு முனையிலிருந்து ஒரு ஜம்பர் கேபிள் உடைந்த இரும்புக்கு, மறுமுனையிலிருந்து இன்னொரு கேபிள் வெல்டிங் ராடுக்கு. இது கதையில்லை, உண்மையிலேயே இரும்பு உருகிச் சேரும். பேட்டரிகளை வண்டியிலிருந்து முழுக்கக் கழற்றிவிட வேண்டும், இல்லையென்றால் ஆல்டர்னேட்டர் கதை முடிந்தது. அவற்றைத் தள்ளி வைத்து மூடவும் வேண்டும், ஏனென்றால் இவ்வளவு கரண்ட் இழுக்கும்போது ஹைட்ரஜன் வெளிவரும், பக்கத்திலேயே தீப்பொறி பறக்கிறது. கண்ணாடி இல்லாமல் பார்த்தால் அன்று இரவு கண்ணில் மணல் கொட்டிய மாதிரி இருக்கும். ஒரு விரல்நீளம் வெல்டிங், பிறகு ஆறவிடு, மறுபடி கொஞ்சம். நல்ல ரோட்டை எட்டுகிறவரை அது போதும்.

ரோட்டோரத்து அவசரத்தை விடுங்கள். வீட்டில் நிதானமாகச் செய்கிற சேசிஸ் ஒட்டுதான் அதிகம் ஏமாற்றுகிறது. துருப்பிடித்த இடத்தின்மேல் சதுரத் தகடு ஒன்றை வைத்து நாலு பக்கமும் வெல்டிங் அடித்து, மேலே கறுப்பு பெயிண்ட் பூசினால் பார்க்க முரட்டுத்தனமாக, பலமாகத் தெரியும். சேசிஸ் என்பது ஓடும்போது வளைந்து கொடுக்கிற உறுப்பு. சதுரத் தகட்டின் செங்குத்தான விளிம்பில், வளையாத பகுதி சட்டென்று முடிந்து வளைகிற பகுதி தொடங்குகிறது; போதாததற்கு வெல்டிங் சூடு அந்த விளிம்பை ஒட்டிய இரும்பின் குணத்தையும் மாற்றிவிட்டிருக்கும். விரிசல் அந்தக் கோட்டில்தான் ஓடும், தகட்டில் ஓடாது. அனுபவமுள்ள வெல்டர் தகட்டை வைர வடிவத்தில், முனைகள் கூம்பலாக வெட்டி ஒட்டுவது இதனால்தான். பாரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய இரும்புக்குக் கைமாறும். மேலும் கீழுமுள்ள மடிப்புகளில் குறுக்காக வெல்டிங் ஓடவிட மாட்டார், ஏனென்றால் அங்கேதான் இழுவிசை அதிகம்.

இதெல்லாம் சரியாகச் செய்தாலும், தகட்டைப் பிடித்துக்கொள்ள நல்ல இரும்பு இருந்தால்தான் உண்டு. துருப்பிடித்த இரும்பில் ஒட்டியது துருவோடுதான் ஒட்டியிருக்கிறது. சேசிஸ் துரு பழைய வண்டிகளோடு நின்றுபோன வியாதியும் இல்லை: 2000-களில் வந்த பிக்கப்களின் சேசிஸ் துருவுக்காக டொயோட்டா 2016-இல் அமெரிக்காவில் ஒரு வழக்கில் சமரசத்துக்கு வந்து, சோதனைக்கும் சேசிஸ் மாற்றத்துக்கும் ஒப்புக்கொண்டது.

கமான் பட்டை அடுக்கில் சேசிஸோடு மாட்டியிருக்கும் தலைப்பட்டை உடைந்தால் அச்சுக்கும் சேசிஸுக்கும் நடுவில் மரக்கட்டையை வைத்துச் சங்கிலியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு வருவார்கள். முதுகெலும்பு நோகும், வேகம் எடுக்கக் கூடாது, ஆனால் கட்டை தளர்ந்தால் முட்டி முட்டிச் சத்தம் போடும். எப்போது இறங்கிப் பார்க்க வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும்.

கை வைக்கக்கூடாத இடங்கள்

பிரேக்கில் முதலாவது பிரச்சினை அழுத்தம். ஓங்கி மிதித்தால் பிரேக் குழாயில் 1000 பிஎஸ்ஐ, சில சமயம் அதற்கும் மேல். டேப், எபாக்சி, ரப்பர் துண்டு எதற்கும் இங்கே பேச்சே இல்லை. இரண்டாவது பிரச்சினை இன்னும் மோசம்: ஒட்டு மெதுவாக மிதிக்கும்போதெல்லாம் தாங்கும். சோதனை ஓட்டத்தில் தாங்கும், வீட்டு வாசலில் தாங்கும். குழந்தை குறுக்கே ஓடிவரும்போது முழு பலத்தோடு மிதிப்பீர்களே, அப்போதுதான் போகும். 1960-களின் பிற்பகுதிவரை வந்த பல பிக்கப்களில், மிதிக்கிற பலத்தை பிரேக் ஆயிலின் அழுத்தமாக மாற்றுகிற மாஸ்டர் சிலிண்டர் ஒரே அறைதான். ஒரு சக்கரத்தில் குழாய் வெடித்தால் நாலு சக்கரத்துக்கும் பிரேக் போச்சு. அந்த வண்டிகளில் ஒழுகுகிற சக்கரத்தின் குழாயை மடித்து நசுக்கி, மிச்ச மூன்றை வைத்து ஊர்ந்து வருகிற பழக்கம் இருந்தது. ஊர்ந்து வருவது என்றால் உண்மையிலேயே ஊர்ந்துதான். பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

பிரேக் ஆயில் இல்லையென்று எஞ்சின் ஆயிலை ஊற்றுவதும் உண்டு. பேர்தான் பிரேக் ஆயில், அது எண்ணெய் வகையே இல்லை, கிளைக்கால் வகைத் திரவம். அதற்கென்று செய்த ரப்பர் வாஷர்கள் மினரல் ஆயில் பட்டால் ஊறிப் பெருத்துவிடும். முதல் நாள் பிரேக் நன்றாகவே பிடிக்கும். பிறகு மிதித்த பிரேக் திரும்பாமல் சிக்கிக்கொள்ளும், டிரம் சூடாகும். கடைசியில் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து நாலு சக்கரம் வரை உள்ள எல்லா ரப்பரையும் மாற்ற வேண்டியிருக்கும்.

ஆக்சிலரேட்டர் கேபிள் அறுந்தால் கார்புரேட்டரிலிருந்து ஒரு கயிற்றை ஜன்னல் வழியாக இழுத்து, கையால் பிடித்து ஓட்டியவர்கள் எல்லாத் தேசத்திலும் இருக்கிறார்கள். கயிற்றில் தப்பில்லை. கார்புரேட்டரில் இருக்கிற இழுப்பு ஸ்பிரிங் நன்றாக இருக்கிறதா என்பதில்தான் எல்லாமே. கயிறு அறுந்தால் ஸ்பிரிங் த்ராட்டிலை (எஞ்சினுக்குள் போகிற காற்றைக் கட்டுப்படுத்துகிற கதவை) மூடும், வண்டி வேகம் குறையும். ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ, கயிறு பானெட் விளிம்பில் சிக்கினாலோ எஞ்சின் முழு வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். கயிறு கட்டுகிறவர் கயிற்றைவிட ஸ்பிரிங்கைத்தான் இரண்டு முறை பார்க்க வேண்டும்.

எக்ஸாஸ்ட் ஓட்டையில் தகர டப்பாவை விரித்துச் சுற்றி இரண்டு கிளாம்ப் போடுவது பார்க்கக் கேலியாக இருந்தாலும் நல்ல ரிப்பேர்தான், ஓட்டை கேபினுக்குப் பின்னால் இருக்கிறவரை. முன்னால், காலடித் தரைக்குக் கீழே என்றால் யோசிக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாடையில்லை. தரையில் துருவோட்டை இருந்தால் உள்ளே வரும். பின் கண்ணாடியை மட்டும் திறந்துவைத்து ஓட்டினாலும், வண்டிக்குப் பின்னால் சுழல்கிற புகை கேபினுக்குள் இழுக்கப்படும். தலைவலியும் தூக்கமும் வந்தால் களைப்பு என்றுதான் நினைப்பீர்கள்.

அடுத்தவர் கட்டிய முடிச்சு

கைவைத்தியத்தின் பெரிய ஆபத்து, அது வேலை செய்துவிடுவதுதான். வீடு போய்ச் சேர்ந்ததும் மாற்றலாம் என்று கட்டியது, வீடு வந்ததும் மறந்துபோகிறது. கட்டியவருக்கு அதன் எல்லை தெரியும்: வேகமாகப் போகக்கூடாது, மூடியை இறுக்கக்கூடாது, அதிகச் சுமை ஏற்றக்கூடாது. வண்டி கைமாறும்போது கம்பி மட்டும் கைமாறுகிறது, இந்தத் தகவல் மாறுவதில்லை. புதிய ஓனர் தளர்வாக இருக்கும் ரேடியேட்டர் மூடியைப் பார்த்து, நல்லது செய்வதாக நினைத்து இறுக்குவார். பத்து கிலோமீட்டரில் ஹோஸ் பிய்த்துக்கொள்ளும்.

இதற்கு சிலர் செய்கிற ஏற்பாடு எனக்குப் பிடிக்கும். எந்தத் தற்காலிக வேலை செய்தாலும் அதன்மேல் பளிச்சென்ற சிவப்பு டேப் ஒரு சுற்று. டேப்பில் தேதி, என்ன செய்திருக்கிறது என்று இரண்டு வார்த்தை. பானெட்டைத் திறந்தவுடன் எத்தனை சிவப்பு இருக்கிறது என்று கண்ணில் பட்டுவிடும்.

சிவப்பு டேப் இல்லாத பழைய வண்டியை வாங்குகிறவர், எஞ்சின் சத்தத்தைக் கேட்பதற்கு முன் கீழே படுத்துப் பார்ப்பது நல்லது. பிரேக் குழாய் நெடுக விரலால் தடவிப் போனால், நடுவில் யாராவது இணைப்பு போட்டிருப்பது தட்டுப்படும். ஸ்டியரிங்கை ஒருவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்ட, டை ராட் முனைகளில் கை வைத்துப் பார்க்க வேண்டும். கமான் பட்டை மாட்டியிருக்கும் இடங்களில், சேசிஸை ஒரு சின்னச் சுத்தியலால் தட்ட வேண்டும். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும். தொப்பென்று கேட்டாலோ, பெயிண்டோடு சேர்ந்து இரும்பும் ஏடு ஏடாகக் கழன்று விழுந்தாலோ, விலை எவ்வளவு குறைத்தாலும் அந்த வண்டி வேண்டாம். பானெட்டுக்குக் கீழே இருக்கிற கட்டுக்கம்பி, தகர டப்பா, ஹீட்டர் ஹோஸ் இணைப்பு இதெல்லாம் எத்தனை இருந்தாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலைதான். பேரம் பேச உதவும்.